ஏணிக்கு எட்டிய கம்பி

நாரின் ஆறு உறைந்துபோன பக்கம்
அறுபத்திரண்டு வீடுகள், ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.
தகட்டின் பனியை வழித்தால்
நூற்று அறுபது என்று படிக்கலாம்.
கம்பங்களில் மஞ்சள், பச்சை, சிவப்பு,
அவற்றுக்கு அடியில் நியூட்ரல்.

முப்பத்தெட்டு வீடுகள் மஞ்சளில் தொங்கின.
ஏனென்று விசாரித்தேன்.
எனக்கு முன்னிருந்த லைன்மேன் இஸ்காக்கின் ஏணி குட்டையாம்.
மஞ்சள்தான் எட்டியதாம்.

நிலக்கரி மூட்டை விலையேறிய வருடம் அது.
செங்கல்லில் கம்பிச்சுருள் பதித்து
ஆளாளுக்கு ஹீட்டர் செய்துகொண்டார்கள்.
மஞ்சள் வீடுகளில் பல்பு
அவித்த முட்டையின் கருவைப்போல் மங்கிக் கிடந்தது.
தொல்குன்பெக் வீட்டு டிவியில்
செய்தி வாசிப்பவள் நாளுக்கு நாள் சுருங்கினாள்.

கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன்.
மஞ்சளில் இருநூற்று அறுபத்தெட்டு ஆம்பியர்,
பச்சையில் நூற்று இருபத்தொன்று,
சிவப்பில் வெறும் ஐம்பத்தெட்டு.
சும்மா இருக்கவேண்டிய நியூட்ரலில்
நூற்று எண்பத்தேழு.
மரை தொட்டால் சுடும் குளிரிலும் சுட்டது.
நோட்டில் எழுதினேன்:
பனி உருகட்டும், மாற்றலாம்.

உருகியது பனியல்ல.

டிசம்பர், மைனஸ் முப்பத்தொன்று.
நியூட்ரலின் மரை கருகி
ராத்திரி பதினொன்றேகாலுக்கு விட்டுப்போனது.
நடுப்புள்ளி அறுந்ததும்
அதிகம் தின்ற மஞ்சள் இன்னும் இருண்டது.
சிவப்பின் கடைசிக் கம்பத்தில்
ஒரு பல்பும் ஒரு ரேடியோவும் வைத்திருந்த
புருல்சுன் வீட்டுக்குள்
முன்னூற்று நாற்பது வோல்ட் நுழைந்தது.
பல்பு ஒரு கணம் பகலானது.
பிறகு கூரையெல்லாம் கண்ணாடி.
ரேடியோ கடைசியாக ஒன்று சொல்ல வாயெடுத்து
புகைந்தது.

காலையில் போனேன்.
கம்பளத்திலிருந்து சில்லு பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:
“ஊரிலேயே குறைச்சலாக எடுத்தவள் நான்.
எனக்கா இவ்வளவு வந்தது?”

பனி படிந்த ஜன்னலில்
நடுவிலிருந்து மூன்று அம்புகள் வரைந்தேன்.
ஒன்றை நீளமாக, ஒன்றைக் குட்டையாக.
நடுப்புள்ளியைக் கட்டியிருந்த கயிறு அறுந்தால்
அது கனமான பக்கம் சாயும்,
இலேசான பக்கத்துக்குத்தான் தூரம் கூடும் என்றேன்.
தூரம்தான் வோல்ட் என்றேன்.
என் படத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு
அந்த ஓட்டை வழியே
தொல்குன்பெக்கின் புகைபோக்கியைப் பார்த்தாள்.
அலுவலகப் படிவத்தில்
அவள் கேள்விக்குக் கட்டம் இல்லை.

மாற்றக் கிளம்பினால்
சிவப்புக்கு வர யாருக்கும் சம்மதமில்லை.
பல்பு வெடித்த கம்பி, ராசியில்லாத கம்பி.
மஞ்சளில் அரை உயிர் போதும் என்றான் ஒருவன்.
நான் வாதாடவில்லை.
நீள ஏணியைச் சாத்தி ஏறினேன்.
ஒன்பது மீட்டர் உயரத்தில், காற்றில்,
எல்லாக் கம்பியும் ஒரே சாம்பல் நிறம்.
கீழே நிற்பவனுக்கு என்ன தெரியும்.
இரண்டு நாள், இருபத்தோரு வீடுகள்.
விரல் நுனி இரண்டு இன்னும் மரத்தபடி இருக்கிறது.

நூற்று ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு.
கூட்டினால் பழைய தொகையேதான்.
யாரும் ஒரு ஆம்பியர் குறைத்துக்கொள்ளவில்லை.
நியூட்ரலில் ஐந்துகூட இல்லை.
மீட்டர் கெட்டுவிட்டதோ என்று
இரண்டாம் தரமும் மாட்டிப் பார்த்தேன்.

வெளிச்சம் நன்றாயிருக்கிறதென்று
தொல்குன்பெக் மூன்றாவது ஹீட்டர் செய்கிறான்.
புருல்சுன் வாசலில் என்னை மறித்தாள்.
நான் என் காசில் வாங்கித் தந்த பல்பு உள்ளே எரிந்தது.
மாட்டுக்கொட்டிலில் இன்னொன்று,
பட்டப்பகலில்.
மாட்டுக்கு எதற்கு என்றேன்.
“மாட்டுக்கில்லை. என் பக்கமும் கொஞ்சம் கனக்கட்டும்.
எழுதிக்கொள்.”

எழுதிக்கொண்டேன்:
சிவப்பு, கடைசிக் கம்பம்,
கூடுதல் அறுபது வாட்.